பழைய டிராக்டருக்கு மேனிஃபோல்டு பேக்கிங்: வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும்

நாற்றங்கால் தயாரான பிறகு டிராக்டர் நின்றால் அந்தக் கவலையே வேறு. நாற்றுக்கு நாளுக்கு நாள் வயது ஏறும். வாடகை டிராக்டருக்கு ஊரே வரிசையில் நிற்கும். பெரிய பழுது என்றால்கூட மனம் தேறிக்கொள்ளும்; உள்ளங்கை அகலமுள்ள ஒரு பேக்கிங் கிடைக்கவில்லை என்பதற்காக வண்டி நிற்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. அப்படி நின்ற ஒரு டிராக்டரைப் பற்றியது இந்த இதழின் முதல் கேள்வி. பழைய இன்ஜின் வைத்திருக்கும் பலரும் இதே பழுதைப் பற்றி எழுதியிருப்பதால், மற்ற மூன்று கேள்விகளும் இதையொட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

கேள்வி 1: ''அப்பா காலத்தில் வாங்கிய மூன்று சிலிண்டர் டிராக்டர் எங்களுடையது. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் அடிக்கடி ஊதிப்போகிறது. ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றிவிட்டோம். இப்போது கடையில் அந்த கேஸ்கெட் இல்லை, பழைய மாடல் என்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. அதைக் கேட்ட ஒருவர், இன்ஜின் வேலை வந்துவிட்டது, நல்ல விலைக்கு இப்போதே தள்ளிவிடுங்கள் என்கிறார். அட்டையில் வெட்டிப் போட்டு இந்த சம்பா பட்டத்தை ஓட்டிவிடலாமா? விற்றுவிடுவதுதான் சரியா?''
- செய்யாறு வட்டார வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். அட்டை, முழு வேலையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விற்பதற்கும் அவசரம் இல்லை. முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சத்தம் சொல்லும் செய்தி

மேனிஃபோல்டு கசிவின் சத்தமும் டேப்பட் சத்தமும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் சூட்டில் தெரியும். மேனிஃபோல்டு கசிவு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகக் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி ஓரளவு அடைபட்டு, சத்தம் குறையும். லோடு கொடுத்தால் மீண்டும் கூடும். டேப்பட் சத்தம் பெரும்பாலும் இப்படிக் குறைவதில்லை.

இரண்டாவது அடையாளம் கரிக்கோடு. மேனிஃபோல்டு இன்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தில், மையால் இழுத்ததுபோல் கறுப்புக் கோடு இருந்தால் அங்கேதான் புகை வெளியேறுகிறது. மூன்றாவது, சோப்புத் தண்ணீர். இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, சூடேறும் முன், இணைப்பைச் சுற்றி பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். இன்ஜின் சூடான பிறகு இதைச் செய்யக் கூடாது. ஃபேன் பெல்ட் பக்கம் வேட்டி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

செய்யாறு வாசகர் இந்தச் சோதனைகள் எதையும் செய்யும் முன்பே, நல்ல வேளையாக, மேனிஃபோல்டைக் கழற்றி ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். பழைய பேக்கிங்கைக் காட்டி, ''இதேபோல ஒன்று வெட்டிக் கொடு தம்பி'' என்று கேட்டிருக்கிறார். பட்டறைக்காரர் பேக்கிங்கைத் தொடவில்லை. மேனிஃபோல்டைத் திருப்பி வைத்து, அதன் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு படும்படி நிறுத்தினார். ''அண்ணே, பேக்கிங்கை விடுங்க. இதைப் பாருங்க'' என்றார். ஸ்கேலுக்கும் நடுத் துளைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் 0.45 மி.மீ. பிளேடு தாராளமாக நுழைந்தது.

மூன்று முறை பேக்கிங் மாற்றியபோதும் யாரும் அந்த ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை. கோணிப்போன முகத்தில் எந்த பேக்கிங் போட்டாலும் அது ஊதத்தான் செய்யும். கம்பெனி பேக்கிங் கிடைத்திருந்தாலும் நான்காவது முறையும் இதே கதைதான்.

ஏன் கோணுகிறது?

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு, ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.011 மி.மீ. நீளும். நாற்பது செ.மீ. நீளமுள்ள மேனிஃபோல்டு, முழு லோடில் 450 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளும். அது பிணைந்திருக்கும் ஹெட்டுக்கோ தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு. அது அந்த அளவு நீளாது. ஆக, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் மேனிஃபோல்டு, பேக்கிங்கின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி நகர்கிறது. இதற்காகத்தான் பல மேனிஃபோல்டுகளில் ஓரத்துத் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கின்றன.

இந்த நகர்வுக்கு இடம் கொடுக்காமல் ஓர நட்டை முதலில் இறுக்கினாலும், கைக்கு வந்த வரிசையில் முறுக்கினாலும் மேனிஃபோல்டு வளையும். உயர்ந்து நிற்கும் சைலன்சருக்குத் தாங்கு பட்டை இல்லாவிட்டால், அதன் முழுப் பாரமும் அதிர்வும் மேனிஃபோல்டு ஸ்டட்டின் மேல் விழும். எல்லாவற்றையும்விட நம் ஊரில் நடப்பது இன்னொன்று: சேற்றுழவு முடிந்த கையோடு, சூடு ஆறாத இன்ஜின் மேல் மோட்டார் தண்ணீரை நேராக அடித்துக் கழுவுவது. பழுக்கச் சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணலாம், விரிசலும் விடலாம். செய்யாறு வாசகரின் வீட்டில் தினமும் நடந்தது இதுதான். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது.

எவ்வளவு கோணல் வரை பேக்கிங் தாங்கும்? இன்ஜினுக்கான சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதில் உள்ள அளவே முடிவு. புத்தகம் இல்லாதபோது, 0.10 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 0.25 மி.மீ.யைத் தாண்டினால் முகத்தை மில்லிங் அல்லது கிரைண்டிங்கில் சமப்படுத்தாமல் பூட்ட வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். மேனிஃபோல்டின் முகத்தைப் பார்த்ததுபோலவே இன்ஜின் ஹெட்டின் முகத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். கசிவோடு நெடுநாள் ஓட்டிய வண்டிகளில், வெளியேறும் சூடான வாயு அந்த இடத்தில் இரும்பை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும். அந்தப் பள்ளம் மேனிஃபோல்டில் என்றால் ஒரு நாள் வேலை. ஹெட்டில் என்றால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். இந்தக் கசிவை அடுத்த பட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் தீ. களத்தில் காய்ந்த வைக்கோலுக்கு நடுவே நிற்கும் டிராக்டரில், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் சீறும் சூடான புகையும் கரித்துகளும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையில் தேடும் முறை

'இந்த மாடல் டிராக்டருக்கு வேண்டும்' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில் சுலபமாக வரும். டிராக்டரின் பெயரைவிட இன்ஜினின் பெயர் முக்கியம். ஒரே இன்ஜின் பல டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் ஓடியிருக்கும். உதாரணத்துக்கு, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் உலகெங்கும் பெயர் பெற்ற மூன்று சிலிண்டர் இன்ஜின் 'பெர்கின்ஸ் 3.152'. மூன்று என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 152 என்பது கன அங்குலத்தில் கொள்ளளவு, அதாவது சுமார் 2.5 லிட்டர். நம் நாட்டில் பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தில் டீசல் இன்ஜின்களைத் தயாரித்து வந்தது சென்னை சிம்ப்சன் நிறுவனம். இன்ஜின் பிளாக்கில் உள்ள தகட்டைத் துடைத்து, எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரரால் வேறு வண்டிக்கான பெட்டியில்கூடச் சரியான பேக்கிங்கைத் தேடி எடுக்க முடியும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: பழைய பேக்கிங் (கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு), ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரையிலான அளவு, ஸ்டட்டின் கனம், மேனிஃபோல்டு முகத்தைத் தாளில் வைத்து வரைந்த படம். உள்ளூரில் கிடைக்காதவர்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளிலும், பழைய பாகங்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டையிலும் விசாரிக்கலாம். பழைய பாகக் கடையில் மேனிஃபோல்டு வாங்கலாம். ஒரு முறை நசுங்கிய பேக்கிங்கை வாங்கக் கூடாது.

நாமே வெட்டுவதானால்

முதலில் எதில் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். முழு லோடில் டீசல் இன்ஜினின் எக்ஸாஸ்ட் வாயு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

அட்டை, கார்க், ரப்பர் ஷீட்: எரிந்துவிடும். வேண்டாம்.

சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்: அதிகச் சூடு தாங்கும் வகை என்று எழுதியிருந்தாலும் சுமார் 300 டிகிரியோடு அதன் பலம் முடிந்துவிடும். தண்ணீர், ஆயில் இணைப்புகளுக்கு ஏற்றது. எக்ஸாஸ்ட் துளையின் வாயில் அது கருகி உதிரும்.

சாதாரண பேக்கிங் ஷீட்: நாரை ரப்பர் பசையால் பிணைத்துச் செய்யப்படுவது. எக்ஸாஸ்ட் சூட்டில் பசை எரிந்து ஷீட் பொடியாகும்.

நடுவில் இரும்புத் தகடு வைத்த கிராஃபைட் ஷீட்: கையால் வெட்டிப் போட ஏற்றது இதுதான். 1.5 மி.மீ. கனம் போதும். சிறிய மேடு பள்ளத்துக்குத் தன்னை ஒத்துக்கொள்ளும். நடுத்தகட்டின் விளிம்பு பிளேடுபோல் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

செம்புத் தகடு: சுமார் 1 மி.மீ. கனத்தில் நல்ல பேக்கிங் ஆகும். ஆனால் இரண்டு முகங்களும் சரிமட்டமாக இருந்தால்தான். கோணலை அது நிரப்பாது. வெட்டித் துளையிட்ட பிறகு, மங்கலான சிவப்பாகும் வரை சூடேற்றி ஆறவிட வேண்டும். அவசரமென்றால் தண்ணீரில் போடலாம். இரும்புபோல் செம்பு அதனால் கெட்டிப்படாது, மெதுவாகவே இருக்கும். கழற்றி மறுபடி போடும்போது மீண்டும் ஒரு முறை சூடேற்ற வேண்டும்.

ஜி.ஐ. தகடு: கூடவே கூடாது. அதன் மேல் பூச்சான துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். அதைச் சூடேற்றும்போது எழும் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும்.

கனம் கூடினால் கசிவு நிற்கும் என்று இரண்டு பேக்கிங்கை ஒன்றின் மேல் ஒன்று வைப்பவர்கள் உண்டு. கனம் கூடக் கூட, வாயு தள்ளுவதற்கான விளிம்பும் கூடுகிறது. அது சீக்கிரமே ஊதும்.

அடுத்தது அச்சு எடுப்பது. பழைய காலண்டர் அட்டையை மேனிஃபோல்டு முகத்தின் மேல் வைத்து நகராமல் பிடித்துக்கொண்டு, கரி தோய்ந்த விரலால் விளிம்புகளைத் தேய்த்தால் துளைகளும் ஓரங்களும் படமாக விழும். சுத்தியலால் தட்டி அச்சு எடுக்கும் பழக்கம் வேண்டாம்; வார்ப்பிரும்பின் விளிம்பு பொரிந்துபோகும். முகத்தைச் சமப்படுத்திய பிறகு அச்சு எடுப்பதே சரி. அட்டையை வெட்டி இன்ஜினில் ஸ்டட்டின் மேல் மாட்டிப் பார்த்து, எல்லாத் துளையும் சேர்ந்த பிறகே ஷீட்டில் கை வைக்க வேண்டும்.

ஸ்டட் துளைகளை முதலில் போட வேண்டும். மரக்கட்டையின் மேல் ஷீட்டை வைத்து ஹாலோ பஞ்சால் ஒரே அடியில் எடுத்தால் விளிம்பு கிழியாது. துளை ஸ்டட்டைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். அடுத்து புகை செல்லும் துளைகள். இவை மேனிஃபோல்டு துளையைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு புகையின் பாதையில் எரிந்து, அங்கிருந்தே பேக்கிங் அழியத் தொடங்கும். வெளி ஓரத்தைக் கடைசியில் தகடு வெட்டும் கத்திரியால் வெட்ட வேண்டும். ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் துளையிடும்போது மெல்லிய பாகம் கிழிந்துவிடும்.

பூட்டும் வரிசை

பழைய ஸ்டட்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் சிக்கும் ஸ்டட், இடுப்பு மெலிந்த ஸ்டட் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. துருப்பிடித்து அசையாத நட்டை பலத்தால் முறுக்கினால் ஸ்டட் முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். முதல் நாளே துரு விடும் எண்ணெய் ஊற்றி வைத்து, மறுநாள் சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும்.

பேக்கிங்கை ஸ்டட்டின் மேல் மாட்டி, மேனிஃபோல்டை வைத்து, எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் ஓட்ட வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி ஓரம் நோக்கிப் போக வேண்டும். ஒரே சுற்றில் முழுதும் முறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்குவது நல்லது. சர்வீஸ் புத்தகத்தில் முறுக்கு அளவு இருந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து அதன்படி செய்யலாம். சைலன்சரின் தாங்கு பட்டையை மேனிஃபோல்டு இறுகிய பிறகுதான் பூட்ட வேண்டும். முன்பே பூட்டினால் அது மேனிஃபோல்டை ஒரு பக்கம் இழுக்கும்.

பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. இன்ஜினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு, அதே வரிசையில் மறுபடி நட்டை இறுக்க வேண்டும். முதல் சூட்டில் பேக்கிங் சற்று அமுங்கும், நட்டு தளரும். இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாததாலேயே நல்ல பேக்கிங்கும் ஒரு வாரத்தில் ஊதுகிறது.

செய்யாறு டிராக்டர் என்ன ஆயிற்று? மேனிஃபோல்டின் முகத்தில் அரை மில்லிமீட்டர் எடுத்தார்கள். ஹெட்டின் முகம் நன்றாகவே இருந்தது. ஒரு ஸ்டட் முறிந்தது; அதைத் துளையிட்டு எடுக்க ஒரு முழு நாள் போனது. கிராஃபைட் ஷீட்டில் பேக்கிங் வெட்டினார்கள். வெகுநாளாகக் காணாமல் போயிருந்த சைலன்சர் பட்டைக்குப் பதில் புதிது ஒன்றைச் செய்தார்கள். மொத்தம் நான்கு நாட்கள். ஒரு பகுதி நிலத்துக்கு வாடகை டிராக்டர் வைக்க வேண்டியதாயிற்று. மீதிக்குச் சொந்த வண்டியே இறங்கியது. மீட்டரில் 120 மணி நேரம் ஓடிய பிறகு அவர் இரண்டாவது கடிதம் எழுதினார். கரிக்கோடு இல்லை, காலைச் சத்தமும் இல்லை. 'இன்ஜின் வேலை' என்று சொல்லப்பட்ட சத்தம் அதுதான். வண்டி விற்கப்படவில்லை. உழவு முடிந்தால் இப்போது அது வேப்பமரத்தடியில் ஆறும் வரை நிற்கிறது. தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

கேள்வி 2: ''வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் கார் இருக்கிறது. மேனிஃபோல்டு முகம் கோணியதால் அதை மட்டும் எடுத்துப்போய் மில்லிங் செய்து, புதிய பேக்கிங் போட்டோம். கசிவு இன்னும் அதிகமாகிவிட்டது. ஏன்? காருக்குள் புகை வாடையும் வருகிறது.''
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: முதலில் எந்த இன்ஜின் என்று பார்க்க வேண்டும். 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரில் பல இன்ஜின்கள் வந்துள்ளன. நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. 'பி சீரிஸ்' பெட்ரோல் இன்ஜின். பிற்காலத்தில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் வந்தது. கேள்வியில் உள்ள சிக்கல் பி சீரிஸ் இன்ஜினுக்கே உரியது.

அந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் இன்லெட் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். சில ஸ்டட்களில் உள்ள கனமான பெரிய வாஷர், ஒரு பாதி இன்லெட்டின் மேலும் மறுபாதி எக்ஸாஸ்டின் மேலும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் மில்லிங் செய்தால் அதன் கனம் குறைந்துவிடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் கனமான இன்லெட் பக்கம் மட்டுமே அழுத்தும். எக்ஸாஸ்ட் பக்கம் தொட்டும் தொடாமலும் நிற்கும். பட்டறையில் செய்த வேலை தவறில்லை. பாதி வேலைதான் நடந்திருக்கிறது. இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்துப் பிணைத்து ஒரே அமைப்பில் முகம் எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு வாஷர் உட்காரும் இடத்தில் இரண்டின் கனமும் சமமா என்று அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்து வளைந்த வாஷர்களை மாற்ற வேண்டும். பித்தளை நட் போட்டால் துருப்பிடித்து இறுகாது.

பேக்கிங் தேடும்போது 'அம்பாசடர்' என்பதோடு 'பி சீரிஸ்' என்றும் சேர்த்துக் கேட்கலாம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்.ஜி.ஏ. கார்களில் இருந்ததும் இதே குடும்ப இன்ஜின் என்பதால், பழைய கார் பாகங்கள் விற்பவர்களிடம் கிடைக்க வழியுண்டு. பழையதை மேலே வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

புகை வாடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூக்கில் ஏறும் புகை வாடை, அதுவும் கூடவே வருகிறது என்பதற்கான எச்சரிக்கை. கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள தகட்டில் வயர், கேபிள் நுழையும் ஓட்டைகள் வழியாக அது உள்ளே வரும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட வேண்டும். கசிவை அடைக்கும் வரை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கோயில் குளம் என்று கிளம்ப வேண்டாம்.

கேள்வி 3: ''பழைய பேக்கிங் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மெக்கானிக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கிறார். பட்டறை முழுக்க வெள்ளைத் தூசி. இதில் கெடுதல் உண்டா?''
- திருமங்கலம் வாசகர்

பதில்: உண்டு. பழைய காலத்து எக்ஸாஸ்ட் பேக்கிங்குகளில் சூடு தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் நார்கள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. நோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால் 'இத்தனை நாள் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சை நம்பக் கூடாது.

பேக்கிங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே பழைய பேக்கிங் எல்லாவற்றையும் கல்நார் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, மழுங்கிய ஸ்கிரேப்பரால் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். உலரும்போது மறுபடி நனைக்க வேண்டும். கிரைண்டர், உலர்ந்த உப்புத்தாள், கம்ப்ரஸர் காற்று மூன்றும் கூடாது. வாயால் ஊதவும் கூடாது. சுரண்டியதை ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். துடைத்த துணியையும் அதோடு போட்டுவிட வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. முகத்தில் கட்டும் துண்டு இந்த நாரைத் தடுக்காது. புதிய ஷீட் வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று கேட்டு, அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி 4: ''5 குதிரைத்திறன் பழைய டீசல் பம்ப்செட் இருக்கிறது. இதற்கும் நாமே பேக்கிங் வெட்டலாமா?''
- விருத்தாசலம் வாசகர்

பதில்: தாராளமாக. ஒரு சிலிண்டர் இன்ஜினில் புகைத்துளை ஒன்றுதான். முகம் சிறியது, கோணுவதும் குறைவு. கை பழக இதுவே நல்ல இடம். மேலே சொன்ன அதே கிராஃபைட் ஷீட், அதே அளவுகள். நட்டுகளை ஒரு பக்கமாக முறுக்கிவிடாமல், ஒன்றில் அரைச் சுற்று, அடுத்ததில் அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும்.

இங்கே பேக்கிங் ஊதுவதற்குப் பெரும்பாலும் காரணம் புகைக்குழாய். நீளமான இரும்புக் குழாயை எந்தத் தாங்கலும் இல்லாமல் இன்ஜினில் தொங்கவிட்டிருப்பார்கள். இன்ஜின் அதிர, குழாய் ஆட, நட்டு தளரும். சுவரிலோ தரையிலோ ஊன்றிய ஒரு தாங்கல் கொடுத்தால் பேக்கிங் வருடக்கணக்கில் நிற்கும். மோட்டார் கொட்டகைக்குள் இன்ஜின் ஓடுவதானால் புகைக்குழாய் கட்டாயம் சுவருக்கு வெளியே போக வேண்டும். கசிவு உள்ள இன்ஜினை ஓடவிட்டுக் கொட்டகைக்குள்ளேயே படுத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. இரவுப் பாசனத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

பழைய இன்ஜின் பாகங்கள் பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள் இன்ஜின் தகட்டில் உள்ள எழுத்துகளையும் எண்ணையும், பழுது குளிர்ந்த நிலையில் வருகிறதா, சூட்டில் வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் பயனுள்ளதாக இருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டவர்கள், ஸ்கேல் வைத்து அளந்த இடைவெளியையும் மறக்காமல் எழுத வேண்டும்.